கூரைக்கும் கடுக்காய், ஊருக்கும் கடுக்காய்

என் வீட்டுக்காரரைச் செஞ்சியில் ஒழுகல் மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். கோட்டை மலை மேல் மேகம் வந்து உட்கார்ந்தால் எங்கள் வாசலில் ஆள் வந்து நிற்கும். மேகம் கலைந்தால் ஆளும் கலைந்துவிடும். அவருக்கோ யாராவது ஒருவராவது தன்னைக் கண்ட்ராக்டர் என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று ஆசை. அதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரோடு போடுகிற கண்ட்ராக்டர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு தாலுகா ஆபீஸ் பக்கம் சைக்கிளில் போகும்போது இவர் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இவர் புது வீடு கட்டுகிறவர் இல்லை. பழைய வீட்டைப் பிழைக்க வைக்கிறவர். உடைந்த ஓட்டை மாற்றுவது, விரிசல் விட்ட சுவரைப் பூசுவது, தளத்தைப் பெயர்த்துத் திரும்பப் போடுவது, வெள்ளையடிப்பது என்று எல்லா மராமத்தும் செய்வார். வேலையில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் கூப்பிடுகிறவர்களிடம்தான். ஒருவர் பாதிக் கூரையை மாற்றச் சொல்லிவிட்டு, மீதியை அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்பார். இன்னொருவர் வேலை முடிந்ததும் கூலிக்குப் பதிலாகப் பூசணிக்காய் கொடுப்பார். அந்தப் பூசணிக்காயையும் வெட்டி, பாதியைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கூரைக்குப் பாதிப் பூசணி, கணக்கு சரிதானே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சிமெண்டு முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்விட்டது. கொத்தனார்களையும் கேட்டார்கள். அஸ்ஸாமில் ஆகாய விமானம் இறங்க மைதானம் போடுகிறார்கள், கை சுத்தமான கொத்தனார்கள் வேண்டும் என்று ஒரு ஏஜெண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தான். எங்கள் பக்கத்திலிருந்து போன சிலர் எலும்பும் தோலுமாகக் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. என் வீட்டுக்காரர் அந்த ஏஜெண்டோடு நின்று டீ குடித்துவிட்டு வந்து, "இந்த மழைக்குள்ள உருப்படியா நாலு வேலை அமையலன்னா நானும் போயிடலாம்னு பாக்குறேன்" என்றார். எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவரை அஸ்ஸாமுக்கு அனுப்பிவிட்டு நான் என்ன செய்வேன்? நல்ல வேலைகள் அமைந்தாக வேண்டும். அமைவதாகத் தெரியவில்லை. அதனால் நானே அமைப்பது என்று முடிவு செய்தேன்.

அப்போது மண்ணெண்ணெய்க்கு ரேஷன். தகர டின்னைத் தூக்கிக்கொண்டு போய் கியூவில் நிற்க வேண்டும். செஞ்சியில் எந்தச் செய்தியும் அந்தக் கியூவில் ஏறாமல் ஊருக்குள் போகாது. ஒருநாள் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்.

"எண்ணெய்ச் செட்டியார் ஊட்ல வெள்ளையடிச்சிருக்குதே, கல்யாணமாக்கா?"

"ஆமா. எங்க ஊட்டுக்காரர்தான் அடிச்சாரு. அடிச்சாரு, கல்யாணம் வந்துடுச்சி" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? நான் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நாங்கள் வேதக்காரர்கள். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானால்தான் பலருக்கு வீட்டு ஞாபகமே வரும். உடனே ஓடு மாற்றி, சுவர் பூசி, வெள்ளையடிப்பார்கள். ஆகவே இவர் வெள்ளையடித்த வீடுகளில் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்ததில் ஒரு அதிசயமும் இல்லை. நான் அதை முன்பின்னாகத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்.

"தளவானூர்ல ஒரு வாத்தியார் ஊட்ல ஓடு மாத்துனாரு. அங்கயும் தையில கல்யாணம்" என்றேன், யாரும் கேட்காமலேயே.

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் ரைஸ் மில் முதலாளி வீட்டில் சமைக்கிறவள். அவள் யார் என்று தெரியாமல் நான் வாயைத் திறந்திருப்பேனா? "அது இன்னாம்மா அப்டி?" என்றாள்.

"எனக்கின்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு டின்னை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

கொஞ்ச நாளில் கீரைக்காரி எனக்கே புதுச் செய்தி கொண்டுவந்தாள். "உங்க ஊட்டுக்காரருக்குக் கைராசியாமே! அவுரு கை பட்ட ஊட்ல மாப்ள தேடிக்கினு வரானாமே!" நான் கன்னத்தில் கை வைத்து, "அப்டியா சொல்றாங்க?" என்று ஆச்சரியப்பட்டேன். அன்று அவளிடம் கீரை பேரம் பேசவில்லை.

அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வந்த ஆட்களே வேறு. மேகம் பார்த்து வருகிறவர்கள் இல்லை. நல்ல வெயிலில், குடை பிடித்துக்கொண்டு, செருப்பு போட்டவர்கள் வந்தார்கள். வக்கீல் குமாஸ்தா வீட்டில் கூப்பிட்டார்கள். ஜவுளிக் கடைக்காரர் வீட்டில் கூப்பிட்டார்கள். பாதிச் சுவர், பாதிக் கூரை என்கிற பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எனக்குப் பெருமையாகச் சொல்வார்.

"மரியாதை தெரிஞ்ச ஜனங்கமே. நான் சுவரைத் தட்டிப் பாத்துக்கினு நிக்கிறேன், அவங்க பொண்ணு பட்டுப் பொடவை கட்டிக்கினு தட்டுல காபி எடுத்தாந்து குடுக்குது. குனிஞ்ச தலை நிமிரல."

"அப்டியா!"

"ஜவுளிக் கடைக்காரர் ஊட்லயும் அப்டித்தான். முதல் பூச்சு எங்க பொண்ணு ரூமுல போடுங்கன்னு அந்தம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க. நான் வாசப்பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு நெனச்சேன். பெரிய மனுஷங்க கேக்குறாங்க, மாட்டேன்னா சொல்றது?"

கூழ் ஊற்றிய வீடுகள் போய்க் காபி கொடுக்கிற வீடுகள் வந்தது தன் கைத்திறத்தால் என்றுதான் அவர் நம்பினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன். பஸ் ஸ்டாண்டு ஏஜெண்டைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிருந்தது. எனக்கு அது போதும்.

கடைசியில் ரைஸ் மில் முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார். அவருடையது மெத்தை வீடு. ஓட்டு வீடுகளுக்கு நடுவில் தளம் போட்டுக் கட்டிய பெரிய வீடு. அவருக்கு ஒரே பெண். பெண் லட்சணமானவள், முதலாளியின் வாய்தான் லட்சணமில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் நிலம் எவ்வளவு, அதில் விளைகிறதா, அல்லது சும்மா கிடக்கிறதா என்று கேட்டே விரட்டிவிடுவார். வந்தவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போவார்கள். ஜாதகம் போவதும் வருவதுமாக இருந்தது.

அவர் கேட்டது வெள்ளையடிக்கத்தான். என் வீட்டுக்காரர் தளத்தின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "மேல ஓட்டையை வெச்சிக்கினு கீழ வெள்ளையடிக்க மாட்டேங்க. தளத்தைப் பேத்துப் போடணும்" என்றார். வேறு நாளாக இருந்தால் முதலாளி துரத்தியடித்திருப்பார். ஆனால் வெள்ளையடித்ததற்கே ராசி இப்படி வேலை செய்கிறதென்றால், தளமே போட்டால் கலெக்டர் மாப்பிள்ளை வருவானோ என்னவோ! சரி என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தத் தளத்தைப் போட்டது போல வேறு எதையும் போட்டதில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை மேலே தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சுண்ணாம்பை இறுக்கும். நன்றாக ஊறிய கடுக்காய்த் தண்ணீர் தெருமுனை வரைக்கும் நாறும். தட்டுகிற பெண்கள் போதும் போதும் என்பார்கள், இவர் காதைத் தளத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் இன்னும் மாறல, தட்டுங்க" என்பார். மாறாத சத்தத்துக்கு அவர்கள் இவரைத் திட்டினார்கள், நானும் அந்த வரிசையில் உட்கார்ந்து தட்டியவள் என்பதால் கொஞ்சம் கூடவே திட்டினேன்.

முதலாளி வீட்டம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். கடுக்காய்த் தண்ணீர்தான் ராசிக்குக் காரணம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். (நான் சொல்லவில்லை. இது சத்தியம்.) ஒரு சொம்பை நீட்டி, "கொஞ்சம் ஊத்துப்பா, பொண்ணு ரூமுல தெளிக்கணும்" என்றாள். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், "வேணாம்மா, வெல்லம் கலந்திருக்குது, எறும்பு வரும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கட்டையை ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

ஆடி முடிவதற்குள் வேலை முடிந்தது. ஆவணி முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஜவுளிக் கடைக்காரர் வீட்டில்கூட நிச்சயமாகிவிட்டது. முதலாளி வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஒரு சந்தை நாள், நல்ல கூட்டத்தில், என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே முதலாளி வந்து நின்றார்.

"இன்னாய்யா மேஸ்திரி, வேலை முடிஞ்சி எம்மா நாளாச்சு? எங்கய்யா மாப்ள?"

"எந்த மாப்ளைங்க?"

"எம்பொண்ணுக்கு வர வேண்டிய மாப்ள! ஊருக்கெல்லாம் வருது, என் ஊட்டுக்கு மட்டும் வரல. வேலையில இன்னா கொறை வெச்ச?"

"ஐயா, நான் தளம்தாங்க போட்டேன். மாப்ளைய எங்கிட்ட கேட்டா?"

"சும்மா தளம் போடறதுக்கா உன்னைக் கூப்டேன்? உன் கைராசிக்குத்தான்யா கூப்டேன்! உன் பொஞ்சாதி சொன்னாளாமே!"

சந்தையே சிரித்தது. சுண்ணாம்புக்காரன் சிரித்த சிரிப்பில் தராசை விட்டுவிட்டானாம். மறுநாளே ராசி போய்விட்டது என்று ஊரில் பேச்சு. வேலைக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டார் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சரியாகிப் போயிருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஊருக்கே கடுக்காய் குடுத்துட்டியேமே" என்றார். அதற்குக்கூட எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்துக் கேட்டதற்குத்தான் வரவில்லை.

"அப்போ என் வேலையப் பாத்து ஒருத்தனும் கூப்புடலியா?"

அவர் காபி குடித்துவிட்டு வந்து சொன்ன ஒவ்வொரு பெருமையும் ஞாபகத்துக்கு வந்தது. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவர் பரண் மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

ஏஜெண்டிடம் பேர் கொடுத்துவிட்டு வந்தார். திண்டிவனம் பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டுமாம். நான் போகாதீங்க என்றேன். கெஞ்சினேன். கோபித்துக்கொண்டு சோறு போடாமல் பார்த்தேன். அவரே போட்டுச் சாப்பிட்டார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் பூச்சுக் கரண்டியையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

அப்போதுதான் அந்த ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புயல் என்றார்கள். செஞ்சி ஆறு ரோட்டின் மேல் ஏறிவிட்டது. பஸ் எல்லாம் நின்றுவிட்டது. மேல்மலையனூர் அமாவாசைக்கு அங்காளம்மனைப் பார்க்கப் போன ஜனம் அங்கேயும் போக முடியாமல் ஊருக்கும் திரும்ப முடியாமல் பஜாரில் நனைந்துகொண்டு நின்றது. எங்கள் வீடும் ஒழுகியது. ஊர் ஒழுகலையெல்லாம் அடைத்தவர் வீட்டில் பானை, குண்டான், சொம்பு என்று ஒரு பாத்திரம் பாக்கியில்லாமல் சொட்டுக்கு ஏந்தி வைத்திருந்தோம். நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே அவர் பெட்டியை வைத்திருந்தார். மழை விட வேண்டாம் என்று ஊரில் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜெபமாலையை உருட்டி, மாதாவே இன்னும் ஒரு நாள் பெய்யட்டும், இன்னும் ஒரு நாள் பெய்யட்டும் என்றேன்.

மாதா தன்னால் முடிந்தவரைக்கும் பெய்ய வைத்தாள். ஒருநாள் காலையில் மழை தூறலாகிவிட்டது. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற திண்டிவனம் பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டுகிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். நான் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

வாசலில் குடைகள் வந்தன. ஒன்றில் ரைஸ் மில் முதலாளி. இன்னொன்றில் சரிகை அங்கவஸ்திரம் போட்ட, தெரியாத பெரியவர் ஒருவர்.

"இந்தாய்யா, உன் கைராசி வந்துட்டுதுய்யா!" என்று முதலாளி வாசலிலேயே கத்தினார். "இவுரு திண்டிவனம் நவதானிய மண்டிக்காரர். குடும்பத்தோட மலையனூருக்கு வந்து மழையில மாட்டிக்கினாரு. ஊர்ல ஒழுகாத ஊடு என் ஊடு ஒண்ணுதான்னு அங்க கொண்டாந்து விட்டாங்க. தங்குனாங்க, எம்பொண்ணைப் பாத்தாங்க, பெரிய பையனுக்குக் கேக்குறாங்க!" மழையில் தொண்டை கட்டிக்கொண்டதால் அந்த நாட்களில் முதலாளியால் அதிகம் பேச முடியவில்லை என்றும், அதனால்தான் சம்பந்தம் கூடியது என்றும் சமையல்காரம்மாள் எனக்குப் பிறகு சொன்னாள்.

என் வீட்டுக்காரர் முகம் மாறவில்லை. "கைராசியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அது கடுக்காய்" என்றார். குனிந்து பெட்டிக் கயிற்றைப் பிடித்தார்.

மண்டிக்காரர் முதலாளியைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்.

"அது கெடக்கட்டும். கண்ட்ராக்டர் நீங்கதானே?"

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"கல்யாணத்தைப் பொம்பளைங்க பேசிக்கினாங்க. நான் மல்லாந்து படுத்துக்கினு தளத்தையே பாத்துக்கினு இருந்தேன். எங்கனா ஒரு சொட்டு விழும், விழும்னு பாக்குறேன், விழவே இல்லியே! இவரு ராசிங்கறாரு. நான் யார் போட்டதுன்னு கேட்டேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்க ஊட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பொண்ணா? எல்லாம் பையனுங்கம்மா. அதுக்கு நான் ஏன் இங்க வரேன்? என் ஊடு ஒழுகுதும்மா! மண்டி ஒழுகுது, மாடி ஒழுகுது, மூட்டை மூட்டையா மொளைச்சி நிக்குது" என்று அந்தப் பெரிய மனிதர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டே, உட்கார இடம் தேடினார். ஈரமில்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. அஸ்ஸாம் பெட்டி மேல் சட்டமாக உட்கார்ந்தார்.

பேச முன்னால் சாய்ந்தவர் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து எங்கள் கூரையைப் பார்த்தார். பிறகு பாத்திரங்களைப் பார்த்தார்.

"ஊர் வேலையே சரியா இருக்குதுங்க. சொந்த ஊட்டைப் பாக்க இவருக்கு நேரமே கெடைக்கல" என்றேன்.

அவர் அதை நம்பினாரோ இல்லையோ, சிரித்தார். மண்டியின் நீளம், அகலம், மாடியில் எத்தனை அறை என்று சொல்ல ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் எதிரில் குந்தி உட்கார்ந்து, உத்தரம் தேக்கா, பழைய தளத்துக்கு என்ன ஜல்லி என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பெட்டி மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரரும் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, எந்தப் பாத்திரம் நிரம்பி வழிந்தது என்றுகூடத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு அவர் பெட்டியைத் திறந்து ரசமட்டத்தை எடுத்துத் துடைத்தார். என்னோடு பேசுவாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு ரேஷனுக்குக் கிளம்பினேன். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏமே, இருக்கற கடுக்காயெல்லாம் கியூவுலயே குடுத்துட்டு வந்துடாத. திண்டிவனத்துக்கு வேணும்."